ஜான்சன் கொடுத்தாரா?

“1964இல் ஜான்சன் கறுப்பின மக்களுக்குச் சிவில் உரிமை கொடுத்தார்; 1965இல் வாக்குரிமை கொடுத்தார்.” அமெரிக்கா பற்றி நம்ம பிள்ளைகள் படிக்க நேர்கிற நாலைந்து வரிகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். அந்த ஜான்சனோடு எனக்கு இருக்கிற சண்டையைவிட, ‘கொடுத்தார்’ என்கிற வினைச்சொல்லோடு இருக்கிற சண்டை பெரிது. கொடுத்தார் என்றால் அது அவருடையதாக இருந்தது என்று அர்த்தம். வாங்கியவர்கள் கையேந்தி நின்றார்கள் என்று அர்த்தம். நன்றி சொல்லணும், வாசலில் நிற்கணும், அடுத்த தடவையும் அந்தக் கை நீளுதா என்று பார்த்துக்கிட்டே கிடக்கணும். ஆண்டைக்கும் அடிமைக்குமான மொத்த உறவும் இந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இதை உடைக்க எனக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் இன்னொரு ஜான்சன்தான்.

ஜான்சன் என்ற குடும்பப்பெயரோடு அமெரிக்காவை ஆண்டவர்கள் இரண்டு பேர். ஆண்ட்ரூ ஜான்சன் பிறந்தது 1808இல். லிண்டன் ஜான்சன் பிறந்தது 1908இல். சொந்தபந்தம் எதுவும் கிடையாது. இருவரும் தென்பகுதி வெள்ளையர்கள். இருவரும் துணைக் குடியரசுத் தலைவராக இருந்து, மேலே இருந்தவர் சுட்டுக் கொல்லப்பட்டதால் நாற்காலிக்கு வந்தவர்கள். லிங்கன் விழுந்தார், 1865 ஏப்ரலில் ஆண்ட்ரூ வந்தார். கென்னடி விழுந்தார், 1963 நவம்பரில் லிண்டன் வந்தார். இந்த ஒற்றுமைகளை அடுக்கி வைத்து விதியின் விளையாட்டு என்று வாய் பிளப்பவர்கள் உண்டு. நமக்கு எதுக்கு அந்தச் சோசியம்? நான் கேட்பது வேறு. ஒரே பெயர், ஒரே தென்மண், ஒரே நாற்காலி. ஒருவர் 1866இல் சிவில் உரிமைச் சட்டத்தைத் திருப்பியடித்தார். இன்னொருவர் 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நடுவில் மாறியது என்ன? ஆட்சியாளரின் மனசு மட்டும்தானா?

‘அடிமட்டத்திலிருந்து வந்தவன் அடிமட்டத்தை மறக்கமாட்டான்’ என்று தோழர்கள் யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆண்ட்ரூ ஜான்சன் ஞாபகம்தான் வரும். மூன்று வயதில் தகப்பனை இழந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஒரு தையல்காரரிடம் ஒப்பந்தத்தில் கட்டுண்டு வேலை பார்த்தவர். 1824இல் அங்கிருந்து ஓடிப்போனபோது, பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் போட்டார். டென்னசி மாநிலத்துக் கிரீன்வில் ஊரில் தையல்கடை வைத்தார். எழுத்தும் கணக்கும் மனைவி எலிசா சொல்லிக்கொடுத்தது. அங்கிருந்து நகரமன்றம், மாநிலச் சட்டமன்றம், காங்கிரஸ், ஆளுநர் பதவி, செனட் என்று ஏறினார். பெரும் பண்ணையார்களை மேடைக்கு மேடை திட்டினார். தென்மாநிலங்கள் பிரிந்துபோனபோது, பிரிந்த மாநிலங்களின் செனட்டர்களில் இடத்தை விட்டு எழுந்து போகாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் இவர் ஒருவர்தான். இப்படிப்பட்டவரை யார்தான் நம்பமாட்டார்கள்?

ஆனால் கையில் நாலு காசு சேர்ந்ததும் இந்தத் தையல்காரர் செய்த காரியம், மனுசரை விலைக்கு வாங்கியது. சாம் என்றொரு பையன், டாலி என்றொரு சிறுமி. பண்ணையார்மேல் அவருக்கு இருந்த கோபம், அடிமை வைத்திருக்கிறானே என்ற கோபம் அல்ல. நமக்கு மேலே உட்கார்ந்திருக்கிறானே என்ற கோபம். மேலே இருப்பவனை வெறுக்கிறவன் எல்லாம் கீழே இருப்பவனுக்குத் தோழனாகிவிட மாட்டான். இதை நாம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அடுத்து நிலத்துக்கு வருவோம். 1865 ஜனவரி 16 அன்று ஒன்றியப் படைத் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். தென் கரோலினாவிலிருந்து புளோரிடா வரைக்கும் கடலோரத்து நிலங்கள் விடுதலையான அடிமைகளுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஏறக்குறைய 4 லட்சம் ஏக்கரில் சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். அவர்களும் அவர்களுடைய பாட்டன் பூட்டன்களும் கூலியில்லாமல் உழைத்த மண் அது. லிங்கன் செத்தார், ஆண்ட்ரூ வந்தார். அதே ஆண்டு மே மாதம் பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் தன்னிடமே தனியாக மன்னிப்புக் கேட்டு மனுப் போடணும் என்றார். தையல்காரரிடம் பண்ணையார்கள் மனுப் போட்டார்கள். மன்னிப்பு வந்தது; பின்னாலேயே நிலமும் திரும்பி வந்தது. அந்தப் பெருமைக்கு விலை 40,000 பேரின் மண். அக்டோபரில் எடிஸ்டோ தீவுக்கு ஜெனரல் ஹோவர்டை அனுப்பி, நிலத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவைத்தார்கள். அந்தத் தீவு மக்கள் குழு அமைத்து ஆண்ட்ரூ ஜான்சனுக்கே மனு எழுதினார்கள். அரசை எதிர்த்துச் சண்டை போட்டவனுக்கு நிலம், அரசோடு நின்ற எங்களுக்கு ஒன்றும் இல்லையா என்பதுதான் அந்த மனுவின் சாரம். பதில் நமக்குத் தெரிந்ததுதான்.

1866 பிப்ரவரி 7 அன்று பிரடெரிக் டக்ளஸ் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போய் வாக்குரிமை கேட்டார்கள். ஏழை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஆகாது, வாக்குக் கொடுத்தால் இனச்சண்டை வரும் என்றார் ஆண்ட்ரூ. அந்தப் பகையை மூட்டி வளர்த்தவர்களே அடிமை எசமானர்கள்தான் என்று டக்ளஸ் குழுவினர் எழுத்தில் பதில் கொடுத்தார்கள். அடுத்த மாதமே சிவில் உரிமைச் சட்டம் அவர் மேசைக்கு வந்தது. அது என்ன பெரிதாகக் கேட்டது? வரி கட்டாத பூர்வகுடிகள் நீங்கலாக இங்கே பிறந்தவர்கள் எல்லாரும் குடிமக்கள்; ஒப்பந்தம் போட, வழக்காட, சாட்சி சொல்ல, சொத்து வாங்க வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லாருக்கும் உண்டு. அவ்வளவுதான். மார்ச் 27 அன்று அதைத் திருப்பியனுப்பினார். காரணங்களில் ஒன்று: இந்தச் சட்டம் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பருக்குச் சலுகை காட்டுகிறதாம்! அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ‘எங்களுக்கு அநீதி’ என்கிற ஒப்பாரி. இந்தக் குரலை நாம் கேட்டதே இல்லையா என்ன?

ஏப்ரல் 9க்குள் காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அந்தச் சட்டத்தை அவருடைய மறுப்பை மீறி நிறைவேற்றின. தோழர்களே, இங்கே நில்லுங்கள். முதல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது ஜான்சன் கொடுத்து அல்ல. ஜான்சன் மாட்டேன் என்றபோதும் வந்தது. போரில் ஒன்றியத்துக்காகத் துப்பாக்கி தூக்கிய கறுப்பினப் படைவீரர்கள் சுமார் 1,80,000 பேர். அவர்கள் ஊர் திரும்பி மாநாடு போட்டு, மனுப் போட்டு, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். காங்கிரசின் முதுகெலும்பு நிமிர்ந்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. 1868இல் ஆண்ட்ரூ மீது பதவிநீக்க விசாரணை நடந்தது. போர்த்துறைச் செயலாளர் ஸ்டாண்டனைப் பதவியிலிருந்து தூக்கினார் என்பதே குற்றச்சாட்டின் மையம். 40,000 பேரின் நிலத்தைப் பிடுங்கியது குற்றப்பட்டியலிலேயே இல்லை. அதிலும் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். 1875இல் செனட்டராகத் திரும்பியும் வந்தார்.

இந்த இடத்தில் குடும்பப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்ட்ரூ விலைக்கு வாங்கிய சாமும் டாலியும் ஜான்சன்கள்தான். எசமானின் பெயர், மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி, அடிமையின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு சாம் ஜான்சன் பழைய எசமானுக்கு 1867இல் கடிதம் எழுதினார். எதற்காக? தேவாலயமும் பள்ளிக்கூடமும் கட்ட ஒரு துண்டு நிலத்துக்காக. 4 லட்சம் ஏக்கரைப் பறித்த ஆளிடமே ஒரு துண்டு நிலத்துக்கு எழுதவேண்டியிருந்தது. பெயர் ஒன்றுதான், எழுதிக் கேட்கிற கை எது, கையெழுத்துப் போடுகிற கை எது என்பதுதான் வேறு.

இனி இரண்டாவது ஜான்சன். லிண்டன் டெக்சாசில் வளர்ந்தவர். தகப்பன் பண்ணையை இழந்து நொடித்துப்போன குடும்பம். 1928இல் கொட்டுல்லா ஊரில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார். அந்தப் பிள்ளைகளின் பசி தன்னை மாற்றியது என்று பின்னாளில் உருக்கமாகப் பேசினார். பேசட்டும். ஆனால் 1937இல் காங்கிரசுக்குப் போனவர், அடுத்த இருபது வருஷம் சிவில் உரிமைக்காக வந்த சட்டவரைவுகளை எதிர்த்தே வாக்களித்தார். அடித்துக் கொல்வதைத் தடுக்கும் சட்டமா, எதிர்ப்பு. வாக்குப் போட வரி கேட்பதை நிறுத்தும் சட்டமா, எதிர்ப்பு. கொட்டுல்லாப் பிள்ளைகளின் பசி அந்த இருபது வருஷமும் எங்கே போயிருந்தது? 1957இல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக ஒரு சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றித் தந்தார். பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் தந்தார்.

பிறகு மாறியது என்ன? மாண்ட்கோமரியில் மக்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே போனார்கள். 1963இல் பர்மிங்காமில் பள்ளிப் பிள்ளைகள் போலீஸ் நாய்க்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் முன்னால் நின்றார்கள். மிசிசிப்பியில் பானி லூ ஹேமர் என்ற பருத்திக்காட்டு உழைப்பாளி 1962 ஆகஸ்டில் வாக்காளராகப் பதியப் போனார். 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே துரத்தப்பட்டார். அடுத்த வருஷம் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். அந்த மாநிலத்து ஆளுநர் பெயரும் ஜான்சன்தான். பால் ஜான்சன். 1962இல் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையவிடாமல் வழிமறித்து நின்று பேர் வாங்கி ஆளுநரானவர்.

1964 ஜூலை 2 அன்று லிண்டன் கையெழுத்துப் போட்டார். ஏழு வாரம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஹேமர் தன் கதையை நாட்டுக்குச் சொல்ல உட்கார்ந்தார். நேரடி ஒளிபரப்பு. அந்த நேரம் பார்த்து லிண்டன் திடீரென்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட, தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. சிவில் உரிமை ‘கொடுத்த’ அதே கை ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயைப் பொத்தப் பார்த்தது. அன்று இரவு செய்திகளில் ஹேமரின் சாட்சியம் நாடெங்கும் ஓடியது, அது வேறு கதை. ஹேமரோடு வந்த 68 பிரதிநிதிகளுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுந்து போனார்கள். இந்த ‘வேண்டாம்’ எந்தப் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது?

அந்த டிசம்பரில், வாக்குரிமைச் சட்டம் இப்போதைக்கு நிறைவேறாது என்று லிண்டன் தன்னிடம் சொன்னதாக மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் சொன்னார். 1965 பிப்ரவரியில் அலபாமாவில் வாக்குரிமை கேட்டுப் போன ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் மக்களைக் குதிரையிலும் தடியிலும் கண்ணீர்ப்புகையிலும் அடித்தார்கள். எட்டாம் நாள் லிண்டன் காங்கிரசில் நின்று இயக்கத்தின் முழக்கத்தையே தன் வாயால் சொன்னார். ஆகஸ்ட் 6 அன்று சட்டம். டிசம்பரில் முடியாதது மார்ச்சில் எப்படி முடிந்தது? நடுவில் இருப்பது செல்மா.

“அப்படியானால் ஆட்சியாளருக்குப் பங்கே இல்லையா தோழர்?” என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பங்கு உண்டு. 1964 ஜூனில் செனட்டின் முட்டுக்கட்டையை 71க்கு 29 என்று உடைத்ததில் லிண்டனின் சாமர்த்தியம் பெரிது. ஆனால் அந்தச் சாமர்த்தியம் 1957இலும் அவரிடம் இருந்தது. அப்போது அது பல் பிடுங்கப் பயன்பட்டது. கத்தி ஒன்றுதான். அதை மறுபக்கம் திருப்பியது யார் என்பதே கேள்வி. சட்டம் வேலை செய்ததையும் நான் மறுக்கவில்லை. மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் 6.7 விழுக்காடாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு 1967இல் 59.8 ஆனது. உயிர் கொடுத்து வாங்கியதன் பலன் அது. அதை அற்பமென்று சொல்ல நமக்கு வாய் வராது.

ஆனால் கொடுத்தது என்று பேர் வைத்தால் எடுத்துக்கொள்வதும் சுலபம். டெக்சாசிலிருந்தே இன்னொரு ஜான்சன் வந்தார். எடி பெர்னிஸ் ஜான்சன், கறுப்பினப் பெண், செவிலியர். 1993 முதல் 2023 தொடக்கம் வரை காங்கிரசில் இருந்து, அந்த ஆண்டின் கடைசி நாளில் மறைந்தார். அவரை அனுப்பிய டல்லஸ் தொகுதியை இனம் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்று 1996இல் உச்சநீதிமன்றம் செல்லாதாக்கியது. வெள்ளையருக்காக நூறு வருஷம் வரைந்த கோடுகளில் தெரியாத இனம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது! 2013இல் அதே நீதிமன்றம் 1965 சட்டத்தின் நெஞ்சிலேயே கைவைத்தது. எந்த மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன் அனுமதி வாங்கணும் என்று தீர்மானித்த பிரிவை நீக்கியது. முதல் ஜான்சன் பறித்த நிலமோ இரண்டாவது ஜான்சனின் எந்தச் சட்டத்திலும் திரும்பி வரவே இல்லை.

நிலம் இல்லாத வாக்கு என்ன பாடுபடும் என்பதை அலபாமாவின் லவுண்டஸ் மாவட்டத்தில் பாருங்கள். நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பின மக்கள். 1965 பிறந்தபோது அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. சட்டம் வந்ததும் பதிந்தார்கள். பதிந்தவர்களை நிலவுடைமையாளர்கள் குடிசையோடு பெயர்த்து வெளியே போட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஊரை விட்டுப் போகவில்லை. ஜான்சனின் கட்சியிலும் சேரவில்லை, தனிக்கட்சி கட்டினார்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சின்னம் வேண்டியிருந்தது. கருஞ்சிறுத்தையை வைத்தார்கள். 1966 தேர்தலில் தோற்றார்கள். 1970இல் அவர்களில் ஒருவரான ஜான் ஹுலெட் அந்த மாவட்டத்தின் ஷெரீப் ஆனார்.

அந்தச் சிறுத்தையைத்தான் 1966இல் ஓக்லாந்து இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அங்கிருந்து அது நம்ம சேரிச் சுவர்களுக்கும் வந்தது. வெள்ளை மாளிகை அனுப்பிவைத்த சின்னம் அல்ல அது. வீடு பறிபோய் ரோட்டோரம் கிடந்தவர்கள் தூக்கிப்பிடித்தது. அடுத்த தடவை யாராவது ‘ஜான்சன் கொடுத்தார்’ என்று சொன்னால், எந்த ஜான்சன், யாரிடமிருந்து பிடுங்கி, யாருக்குப் பயந்து என்று கேளுங்கள்.