மன்னிப்பு ரசிகர் கையில் இல்லை

பெரிய கலைஞர் ஒருவர்மீது பெண்கள் புகார் சொன்னால், விசாரணைக்கு முன்பே ரசிகர் கூட்டத்திலிருந்து தீர்ப்பு வந்துவிடுகிறது. "தப்பே செய்யாத மனுஷன் யாரு? இத்தனை நல்ல பாட்டு கொடுத்தவரை மன்னிச்சுட்டுப் போகலாம்" என்கிறார்கள். பட்டிமன்ற மேடை முதல் டீக்கடை வரை இது பெருந்தன்மையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கலையை நேசிக்கிறவன் கலைஞனின் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏறக்குறைய ரசிக தர்மமாகவே ஆகிவிட்டது. இந்த நம்பிக்கை தவறானது, தீங்கானதும்கூட. ரசிகருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. தனக்கு நேராத தீங்கை மன்னிக்க அவருக்கு என்ன பாத்தியதை? கடன் கொடுத்தவர் வாசலில் நின்றுகொண்டிருக்க, பக்கத்து வீட்டுக்காரர் வந்து பத்திரத்தைக் கிழித்துப் போடுவதைப் போன்ற செயல் இது. கிழித்தவருக்குத் தாராளப் பிரபு என்ற பெயர் கிடைக்கிறது. இழப்பு முழுக்க வேறொருவருடையது.

மன்னிப்பு விஷயத்தில் நம் சமூகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை 2018-ஆம் ஆண்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். முதலாவது, ஜனவரி 7, மார்கழி மாதத்தில் ராஜபாளையத்தில் நடந்தது. 'தமிழை ஆண்டாள்' என்ற தலைப்பில் கவிஞர் வைரமுத்து அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். அது தினமணியிலும் வெளியானது. ஆண்டாளின் தமிழைக் கொண்டாடிய அந்த உரையில், அவரைத் தேவதாசி மரபோடு இணைக்கும் ஓர் ஆய்வு நூலின் வரியை அவர் எடுத்துக்காட்டியிருந்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தெழுந்தது. கவிஞர் நேரில் வந்து ஆண்டாள் சன்னிதியில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சடகோப ராமானுஜ ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். ஊர் ஊராக ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன, வழக்கும் பதிவானது. அதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கவிஞர் வருத்தம் தெரிவித்தார். தினமணி ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். ஆய்வு நூலிலிருந்து ஒரு வரியைச் சொல்வது குற்றமாகாது என்பதே என் கருத்து. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, கவிஞரைப் பெற்ற தாயையும் இழுத்து வசைபாடிய மேடைகள் வெட்கக்கேடானவை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணுக்காக, "பெரிய கவிஞர்தானே, விட்டுவிடுங்கள்" என்ற சமாதானத்தை அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஏற்கவில்லை. புண்பட்டவர்கள் தாங்கள்தான் என்று நம்பியவர்கள், மன்னிப்பு தங்களிடம்தான் கேட்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் உயிரோடிருக்கும் பெண்கள் பேசினார்கள். சுவிட்சர்லாந்துக்குக் கச்சேரிக்காகப் போயிருந்த காலத்தில் வைரமுத்துவுடன் 'ஒத்துழைக்க' வேண்டும் என்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் தன்னிடம் சொன்னதாகப் பாடகி சின்மயி வெளிப்படையாகச் சொன்னார். வேறு பெண்களும் புகார் சொன்னார்கள். கவிஞர் மறுத்தார், குற்றச்சாட்டுகள் பொய், உள்நோக்கம் கொண்டவை, வழக்குத் தொடர்ந்தால் சந்திக்கத் தயார் என்றார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கேள்வி, புகாரைக் கேட்டவர்கள் செய்தது என்ன என்பதுதான். ஜனவரியில் பிரிந்து நின்ற இரண்டு அணிகளும் அக்டோபரிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டன. ஆண்டாளுக்காகக் கோபப்பட்டவர்களில் பலருக்குச் சின்மயியின் புகார் கையில் கிடைத்த ஆயுதமாயிற்று. கவிஞருக்காகக் கருத்துரிமை பேசியவர்களில் பலருக்கு அது ஆண்டாள் விவகாரத்தின் பழிவாங்கலாகத் தெரிந்தது. புகார் சொன்னவரின் சாதியையும் அரசியலையும் கிளறினார்கள். அவர் சொன்ன சம்பவத்தை விசாரிக்க வேண்டும் என்ற எளிய கோரிக்கை இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அடுத்த மாதமே சந்தா பாக்கி என்ற காரணத்தைக் காட்டி டப்பிங் கலைஞர்கள் சங்கம் சின்மயியை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கியது. '96' படத்தில் த்ரிஷாவுக்கு அவர் கொடுத்த குரலைத் தமிழ்நாடே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது.

"குற்றம் நிரூபிக்கப்படவில்லையே" என்பது இங்கே முதலில் எழும் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அதைச் சொல்கிறவர் "மன்னித்துவிடலாம்" என்று அடுத்த வாக்கியத்தில் சொல்ல முடியாது. தவறே நடக்கவில்லை என்றால் மன்னிக்க எதுவும் இல்லை. மன்னிக்கலாம் என்றால் தவறு நடந்ததாக ஒப்புக்கொண்டாயிற்று. ரசிகர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது உண்மையும் இல்லை, மன்னிப்பும் இல்லை; பேச்சு ஓய வேண்டும், அவ்வளவுதான். "கோர்ட்டுக்குப் போகவேண்டியதுதானே" என்ற சவாலையும் சட்டத்தோடு வைத்துப் பார்க்கலாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் வந்ததே 2013-இல்தான். அதன்படியும் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், மிஞ்சினால் இன்னொரு மூன்று மாதம். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவுக்கு 2013 வரை அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு; அத்தகைய குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும் காலவரம்பு மூன்று ஆண்டு. நீதிபதி மனம் வைத்தால் நீட்டிக்கலாம், உத்தரவாதம் கிடையாது. 2000-களின் நடுவில் நடந்ததாகச் சின்மயி சொல்லும் ஒன்றுக்கு 2018-இல் நீதிமன்றத்தைக் காட்டுவது, பூட்டியிருக்கக்கூடிய கதவைத் தட்டச் சொல்வதாகும். பத்திரிகையாளர் பிரியா ரமணியை அவதூறு வழக்கிலிருந்து 2021 பிப்ரவரியில் விடுவித்த தில்லி நீதிமன்றம், ஒரு பெண் பல பத்தாண்டுகள் கழித்தும் தனக்கு உகந்த மேடையில் தன் குறையைச் சொல்லலாம் என்று கூறியது இந்த நிலைமையை அறிந்துதான்.

படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்பார்கள் சிலர். இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நான் முழுமனதாக ஏற்கிறேன். பாட்டைக் கேட்காதீர்கள் என்று சொல்வது என் கட்சி இல்லை. சின்மயி திரையில் பாடிய முதல் பாட்டு, 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'ஒரு தெய்வம் தந்த பூவே'. இசை ஏ.ஆர்.ரஹ்மான், வரிகள் வைரமுத்து. அந்தப் படத்துக்காகக் கவிஞருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் பாட்டைப் புறக்கணித்தால் அவருடைய வரிகளோடு சின்மயியின் குரலையும் சேர்த்தே புறக்கணிக்கிறோம். திரைப்பாட்டு யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அதைக் கேட்டு அழுதவர் எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் மறுபடி கேட்கலாம். ஆனால் படைப்பாளியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதும், விருது கொடுப்பதும், அவர்மேல் புகார் சொன்னவரைத் தூற்றுவதும் பாட்டைக் கேட்பதில் சேர்ந்தவை இல்லையே. பாட்டையும் ஆளையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறவர்கள், பாட்டின் புகழை எடுத்து ஆளுக்குக் கேடயமாகக் கொடுக்கும்போது அவர்களே அந்தப் பிரிவினையை மீறுகிறார்கள்.

மனிதன் திருந்த வழி வேண்டாமா என்பது இன்னும் கனமான கேள்வி. வேண்டும். ஆனால் அந்த வழிக்கு ஓர் ஒழுங்கு உண்டு: நடந்ததை ஒப்புக்கொள்வது, காயம்பட்டவரிடம் நேரில் கேட்பது, அவர் இழந்ததை முடிந்தவரை ஈடுகட்டுவது. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரத்தை இந்த இடத்தில் மேற்கோள் காட்டுவோர் உண்டு. அது தீங்கு செய்யப்பட்டவரைப் பார்த்துப் பேசுகிறது; வேடிக்கை பார்த்தவருக்குச் சொன்ன அறம் இல்லை அது. ரசிகர்கள் இந்த ஒழுங்கைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் ஆர்.கெல்லியின் கதை போதும். 1990-களிலிருந்தே அவர்மீது புகார்கள். 2008-இல் சிகாகோ வழக்கில் விடுதலையானார். ரசிகர்கள் கொண்டாடினார்கள், கச்சேரிகள் நிரம்பின. 2021-இல் நியூயார்க் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2022-இல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரிடம் சிக்கிய இளம்பெண்களுக்கு அந்தக் கைதட்டல் என்ன செய்தது? இங்குள்ள எவரையும் அவரோடு ஒப்பிடவில்லை. கைதட்டலுக்கும் விளைவு உண்டு என்பதற்காகவே சொல்கிறேன்.

ரசிகர்களும் நிறுவனங்களும் வேறு விதமாக நடந்துகொள்ள முடியும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2018 டிசம்பர் சீசனுக்கு முன் சென்னை மியூசிக் அகாடமி, புகாருக்குள்ளான ஏழு கர்நாடக இசைக் கலைஞர்களை நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. சங்கீதம் செத்துவிடவில்லை, அந்த மார்கழியும் கச்சேரிகள் நடந்தன. 2021 மே மாதம் கேரளத்தில் ஓ.என்.வி. விருது வைரமுத்துவுக்கு அறிவிக்கப்பட்டது. நடிகை பார்வதி உள்ளிட்ட கலைஞர்கள் எதிர்த்தார்கள், முடிவை மறுபரிசீலனை செய்வதாக விருது வழங்கும் ஓ.என்.வி. அகாடமி சொன்னது, கவிஞர் தானே விருது வேண்டாம் என்றுவிட்டார். 2024-இல் நடன இயக்குநர் ஜானிக்கு அறிவித்த தேசிய விருதை, அவர்மீது போக்சோ வழக்கு பதிவானதும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பது எவரையும் தண்டிப்பது ஆகாது. தமிழ்நாட்டிலோ, 2024 ஜனவரி 1 அன்று வைரமுத்துவின் 'மகா கவிதை' நூலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்டார், கமல்ஹாசனும் ப.சிதம்பரமும் மேடையில் இருந்தார்கள். சின்மயி தன் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு வந்தவர்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் அவர்கள் அங்கே அமர்ந்ததே ஒரு பதிலாக அமைந்தது, கேட்டவருக்குப் பதில் சொல்லாமலேயே.

2025 மே மாதம் 'தக் லைஃப்' பாடல் வெளியீட்டு விழாவில், படத்தில் தமிழில் பாடகி தீ பாடிய 'முத்த மழை' பாட்டைச் சின்மயி மேடையில் பாடினார். அந்தக் காணொளி காட்டுத்தீயாகப் பரவியது. தெலுங்கிலும் இந்தியிலும் அதே பாட்டை அவர்தான் பாடியிருந்தார். தீயா, சின்மயியா, யார் நன்றாகப் பாடினார்கள் என்று வாரக்கணக்கில் வாதம் நடந்தது. இரண்டு பெண்களின் குரலை எடைபோட ரசிகர்களுக்கு அவ்வளவு நேரமும் ஆர்வமும் இருந்தது. 2018-க்குப் பிறகு சின்மயியின் குரல் தமிழ்ப் படங்களில் ஏன் இவ்வளவு அரிதாயிற்று என்று தயாரிப்பாளர்களையும் சங்கங்களையும் கேட்க, அந்த ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.