பன்னிரண்டு படமும் பூத்துக்கு வெளியே

2019 டிசம்பரில் என் தங்கை மகள் கையில் ஒரு கேமரா, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் மதுரை வீட்டில் வந்து இறங்கினாள். விஸ்காம் படிக்கிறவள். உள்ளாட்சித் தேர்தல் நாளைப் பன்னிரண்டே படங்களில் சொல்ல வேண்டும் என்று கல்லூரியில் வேலை கொடுத்திருந்தார்களாம். மதுரை நகரத்துக்கு அப்போது தேர்தல் கிடையாது. கிராமங்களுக்கு மட்டும்தான், டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக.

"பெரியம்மா, நான் பாப்பாபட்டி, மேலவளவு ரெண்டுக்கும் போகப் போறேன்" என்றாள்.

எனக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் மூன்றும் எங்கள் மாவட்டத்து ஊராட்சிகள்தான். தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு என்று ஒதுக்கியதால் 1996 முதல் பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை. உதயசந்திரன் கலெக்டராக இருந்தபோது, 2006 அக்டோபரில்தான் நடந்தது. மேலவளவு இன்னும் கொடுமை. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

"காலையில இறங்கி சாயங்காலம் பஸ் ஏறுறவளுக்கு அங்க யாருடி வாய் திறந்து பேசுவாங்க? கல்லை எடுப்பே, சுவரை எடுப்பே, வந்துருவே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இரவு நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயர்களை எழுதிவிட்டு, "உங்க நாத்தனார் ஊர்ல முப்பதாம் தேதிதானே? அங்கயே போவோம்" என்றாள்.

மறுநாள் அடுக்களையில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ஓட்டுப் போடும் காட்சி என்று எழுதியதை முதலில் அடித்தோம். பூத்துக்குள் படம் எடுக்கத் தேர்தல் ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அது இருந்தாலும் ஒருவர் முத்திரை குத்துவதைப் படம் பிடிக்கக் கூடாது. கிராமத்து வாக்காளருக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நாலு நிறத்தில் சீட்டு. "இவ்வளவு கலர் இருந்தும் எடுக்க முடியலையே!" என்று அவளுக்கு ஒரே அங்கலாய்ப்பு.

வெளியே என்ன குறைச்சல்? மார்கழி மாதம், வாசல் நிறையக் கோலம். அதைத் தாண்டி வரிசைக்குப் போகும் கால்கள். பனியில் மல்லிகை பறித்துவிட்டு, மடியை அவிழ்க்காமலே ஏழு மணிக்கு வந்து நிற்கும் பெண்கள். கைக்குழந்தைக்காரிக்கு வழிவிடும் வரிசை. மை வைத்த விரலோடு பாத்திரம் தேய்ப்பது. கடைசி யோசனை என்னுடையது, சொல்லிக்கொள்வதில் தப்பில்லையே! அந்த மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது. வெயில் பட்டால் கறுக்கும். சபீனா, சாம்பல் எதற்கும் அசையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். வெளியூரில் கழிப்பறை இருக்காது என்று நம் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மாத்திரை. "நாத்தனார் வீடு பூத்துக்கு நாலாவது வீடு. ரெண்டு மணிக்கு ஒருதரம் வந்துட்டுப் போகணும்" என்றேன். எலுமிச்சை சாதமும் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் கட்டிக்கொண்டு முந்தின நாளே போய்விட்டோம்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தபிறகு நடந்த முதல் தேர்தல் அது. நாத்தனார் ஊரில் தலைவர் பதவி பெண்களுக்கு. சுவரெல்லாம் போஸ்டர். ஒன்றில் கைகூப்பிய ஆண்பிள்ளையின் முகம் சுவரளவு. மூலையில் தபால்தலை மாதிரி ஒரு பெண். "யார் பெரியம்மா வேட்பாளர்?" என்று கேட்டாள். மூலையில் இருந்தவர்தான்!

அனுமதி கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நடுவில் நின்றார். என் தங்கை மகள் மரியாதையாக ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு கொல்லைப்புறத்தில் கை கழுவப் போனபோது, அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "கல்யாணத்திலேருந்து தனியா ஒரு படம் எடுத்ததில்லம்மா. ரேஷன் கார்டுக்கு எடுத்ததுதான். எடுக்கிறியா?"

தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. மூன்று படம்.

அன்று இரவு திண்ணையில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "பெரியம்மா, நீங்க யாருக்குப் போடணும்னு யார் சொல்வாங்க?" நான் கொசுவத்தி தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். முப்பது வருஷமாக இவர் சொன்ன சின்னம்தான், வேறென்ன?

ஜனவரி 2 எண்ணிக்கையில் அந்த அம்மா தோற்றுவிட்டார். பொங்கலுக்குப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இப்போது அது சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அவர் அனுமதித்தபிறகே பன்னிரண்டில் ஒன்றாகக் கல்லூரியிலும் வைத்தாள்.

2022 பிப்ரவரி 19-ல் மதுரை மாநகராட்சிக்கு ஓட்டு. திரும்பி வரும் வழியில் இவர், "சொன்ன பட்டனைத்தானே அமுக்கினே?" என்றார்.

"மிளகாய்ப் பொடி அரைக்கணும், மில்லு பக்கம் வண்டியைத் திருப்புங்க" என்றேன்.