சர்வர் பக்கத்தில் ஒரு பிங் பட்டன் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

லினக்ஸ் சர்வர் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அடம்பிடிக்கட்டும். ஜேமி கேமரூன் வெப்மினை 1997லேயே வெளியிட்டுவிட்டார். பிரவுசரில் 10000ஆம் போர்ட்டைத் திறந்தால் யூசர் சேர்ப்பது, டிஸ்க் பார்ப்பது, மெயில், டிஎன்எஸ் எல்லாமே மவுஸ் க்ளிக்கில் நடக்கிறது. ஆனால் "நெட் வரலையே" என்று ஒரு குரல் கேட்டதும் எல்லோரும் மறுபடி புட்டியைத் தேடி ஓடுகிறார்கள். பிங், ட்ரேஸ்ரூட், டிஎன்எஸ் விசாரிக்கும் டிக், இந்த மூன்றையும் அதே பக்கத்தில் ஒரு மாட்யூலாகச் சேர்த்துவிடலாமே?

சேர்க்கத்தான் வேண்டும். காரணம் ரொம்ப சாதாரணமானது. பத்து பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சிஸ்டம் அட்மின் என்று தனியாக யாரும் இருப்பதில்லை. சர்வரை அமைத்தவர் வெளியாள், வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளில் சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கணக்காளர். மாதக் கடைசி, கணக்கு ஃபைல் தலைமை அலுவலகத்துக்குப் போகவில்லை. போனில் "சார், நெட் போயிடுச்சு" என்கிறார். மறுமுனையில் "கேபிளைப் பிடுங்கி மாட்டுங்க" என்று பதில் வரும். அரை நாள் போச்சு!

மூன்று பட்டன் இருந்தால் கதை வேறு. முதலில் ரூட்டருக்கு ஒரு பிங். பதில் வந்தால் உள் கேபிள் சரி. அடுத்து 8.8.8.8க்கு ஒரு பிங். அதுவும் வந்தால் வெளி இணைப்பும் சரி. பிறகு தளத்தின் பெயரைக் கொடுத்து டிக். பெயருக்கு எண் கிடைக்கவில்லையா, கோளாறு டிஎன்எஸ்ஸில். இரண்டு நிமிட வேலை. இதற்குக் கட்டளை மனப்பாடம் தேவையில்லை. (பிங்கை மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். அதற்குப் பிறகும் இந்த முதல் கேள்வியைக் கேட்க அதைவிட எளிய வழி வரவில்லை.)

கொஞ்சம் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். சில சர்வர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் பிங்குக்கு வாய் திறக்காது. ஃபயர்வால் தடுத்திருக்கும். ட்ரேஸ்ரூட்டில் நடுவில் நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம், கடைசி வரி வந்துசேர்ந்ததா என்று பார்த்தால் போதும். முக்கியமாக, இந்தப் பட்டன்கள் காட்டுவது சர்வர் போகும் பாதையை. உங்கள் மேசையிலிருக்கும் கம்ப்யூட்டரின் பாதை அல்ல.

இனி எதிர்ப்பாளர்கள் பக்கம். அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. முகவரி கேட்கும் ஒரு பெட்டி, அதில் தட்டியதை அப்படியே ஷெல்லுக்கு அனுப்பும் ஒரு வரி நிரல். இது போதும் வீட்டைத் திறந்துவிட. முகவரிக்குப் பின்னால் ஒரு அரைப்புள்ளி வைத்து இன்னொரு கட்டளையை ஒட்டினால் அதுவும் ஓடிவிடும். வெப்மின் ஓடுவதோ ரூட் அதிகாரத்தில்! 2017ல் நெட்கியர் டிஜிஎன்2200 ரூட்டரில் வெளிப்பட்ட ஓட்டை இதே பிங் பக்கத்தில்தான் இருந்தது. பாதுகாப்புப் பாடம் படிப்பவர்கள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் டிவிடபிள்யூஏவிலும் இந்தப் பாடத்துக்கு வைத்திருப்பது ஒரு பிங் பெட்டிதான்.

அதற்காகப் பட்டனே வேண்டாம் என்பதா? மருந்து தெரிந்த நோய் இது. பெர்லில் கட்டளையையும் முகவரியையும் ஒரே சரமாக ஒட்டாமல் தனித்தனி உறுப்புகளாகக் கொடுத்தால் ஷெல் நடுவில் வராது. எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு, ஐபிவி6க்கு முக்காற்புள்ளி, இவை தவிர எதுவும் பெட்டியில் ஏறக்கூடாது. இடைக்கோட்டில் தொடங்கும் முகவரியையும் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அது ஆப்ஷனாகிவிடும். லினக்ஸில் பிங் தானாக நிற்காது, ஆகவே நான்கு முறை என்று நிரலிலேயே கட்டிவிட வேண்டும்.

காமர்ஸ் மாணவர்களுக்குச் சில்லறை ரொக்க ஏடு தெரியும். கேஷியரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, செலவானதை மட்டும் திரும்ப நிரப்புவார்கள். பெட்டகச் சாவியை யாரும் கொடுப்பதில்லை. வெப்மினில் ஒரு யூசருக்குக் குறிப்பிட்ட மாட்யூல் மட்டும் தெரியும்படி வைக்கலாம். கணக்காளருக்கு இந்த ஒன்று போதும். இப்போது வெப்மினிலேயே இருக்கும் டெர்மினல் மாட்யூல்தான் பெட்டகச் சாவி. "நெட் பார்க்கணும்" என்பதற்காக அதைத் திறந்துவிடுகிறவர்கள் பிங் பட்டனைக் கண்டு பயப்படுவது வேடிக்கைதான்.

என்மேப் மட்டும் அந்தப் பக்கத்துக்கு வரவே வேண்டாம், அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கும் வேலை கணக்காளருக்கு எதற்கு? 10000ஆம் போர்ட்டும் அலுவலக நெட்வொர்க்குக்கு உள்ளேயே இருக்கட்டும். 2019 ஆகஸ்டில் வெப்மினின் பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்தில் பின்வாசல் இருந்தது அம்பலமானபோது முதலில் மாட்டக்கூடியவர்கள், அந்தப் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்தவர்கள்தான்.