கூடங்குளத்து உபரியும் அணுசக்தி நகரின் முகவரியும்

தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் நாட்டுச் சராசரியைப்போல் 1.64 மடங்கு. மாநிலப் பொருளாதார ஆய்வறிக்கையில் இடம்பெற்ற இந்த வாக்கியம் மேடைகளிலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் ஒரே உற்சாகத்தோடு மேற்கோள் காட்டப்படுகிறது. 2022-23இல் மாநிலத்துக்கு ரூ. 2.78 லட்சம், நாட்டுக்கு ரூ. 1.69 லட்சம். வகுத்தல் சரிதான். வகுக்கப்பட்ட இரண்டும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா என்று கேட்போர் அரிது. பொருளியல் கருத்தரங்குகளிலேயே அரிது என்பதுதான் வெட்கத்துக்குரியது.

மாநிலத்துக்குரிய எண், நிகர மாநில உள்நாட்டு உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்துப் பெற்றது. மாநில எல்லைக்குள் தோன்றிய வருமானத்தை அது அளக்கிறது. அந்த வருமானம் யார் கைக்குப் போயிற்று என்று அது கேட்பதில்லை. நாட்டுக்குரிய எண்ணோ நிகர தேசிய வருமானத்திலிருந்து வருவது. வெளிநாட்டாருக்குச் சேர்ந்த இலாபமும் வட்டியும் அதில் கழிக்கப்பட்டு, இந்நாட்டார் வெளிநாடுகளில் ஈட்டியவை சேர்க்கப்பட்டிருக்கும். ஒன்று தோன்றிய இடத்தின் கணக்கு, மற்றொன்று சேர்ந்த கையின் கணக்கு. இரண்டுக்கும் ‘தனிநபர் வருமானம்’ என்று ஒரே பெயரைச் சூட்டிவிட்டதால் அவை ஒரே பொருளாகிவிடா.

இது பாடநூல் நுணுக்கம் என்று ஒதுக்குவோர் கூடங்குளத்தை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் இயங்குகின்றன. முதலாவது 2014 இறுதியிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. தோன்றும் இட முறைப்படி அவற்றின் மதிப்புக் கூட்டல் தமிழ்நாட்டின் கணக்கில் ஏறுகிறது. அங்குப் பணிபுரிவோரின் ஊதியம் பெரும்பாலும் இம்மாநிலத்திலேயே தங்குகிறது, உண்மை. ஆனால் அணுமின் உற்பத்தி மூலதனம் மிகுந்த தொழில். அதில் ஊதியம் போக எஞ்சும் உபரியின் பங்கு பெரிது. அந்த உபரி இந்திய அணுமின் கழகத்தைச் சேர்கிறது. கழகத்தின் தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில் உள்ளது. அதன் உடைமையாளர் ஒன்றிய அரசு. இராதாபுரம் வட்டத்து மீனவரின் தனிநபர் வருமானத்தை அந்த உபரி உயர்த்திக் காட்டுகிறது. அவர் வீட்டுக்குள் அது ஒருபோதும் நுழைவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இன்னும் கூர்மையான சான்று. அங்குள்ள கொரிய மகிழுந்து ஆலையின் இலாபத்தில் கொரியத் தாய் நிறுவனத்துக்குச் சேரும் பங்கு, மாநிலக் கணக்கில் கூட்டப்பட்டே இருக்கிறது. தேசிய வருமானக் கணக்கில் அதே பங்கு கழிக்கப்படுகிறது. ஒரே தொகையைத் தொகுதியில் வைத்துக்கொண்டு பகுதியிலிருந்து நீக்கிவிட்டு, கிடைத்த விகிதத்துக்கு விழா எடுக்கும் வழக்கத்தை எந்த அளவையியலும் ஏற்காது.

வெளிநாட்டுக் காரணி வருமானத்தின் நிகர அளவு நாட்டு உற்பத்தியில் ஓரிரு விழுக்காடுதானே, இதற்கு இத்தனை ஆரவாரம் எதற்கு என்பது வழக்கமான மறுமொழி. நாட்டுக்கு அது பொருந்தும், மாநிலத்துக்குப் பொருந்தாது. மாநிலத்தைவிட்டு வெளியேறும் இலாபம் கடல் கடக்க வேண்டியதில்லை; மும்பைக்கும் தில்லிக்கும் போனாலே போதும். எல்லை சுருங்கச் சுருங்கத் தோன்றுவதற்கும் சேர்வதற்குமான இடைவெளி விரியும். 2016இல் உள் இலண்டன் மேற்குப் பகுதியின் தலா உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப்போல் ஆறு மடங்கைத் தாண்டியது. அங்கே வேலைக்கு வருவோர் மாலையில் வேறு வட்டாரங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமே விளக்கமாகச் சேர்க்க நேர்ந்தது. முழு நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2015இல் அயர்லாந்தின் உற்பத்தி ஒரே ஆண்டில் 26 விழுக்காடு பெருகியதாகக் கணக்கு வந்தபோது, பன்னாட்டு நிறுவனங்களின் காகித நடமாட்டத்தை நீக்கிய மாற்று அளவு ஒன்றை அந்நாடு 2017இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய அடிக்குறிப்புகூடக் கிடையாது.

அணுசக்தி நகரையே எடுத்துக்கொண்டாலும் சராசரி எதை மறைக்கிறது என்பது விளங்கும். அது எம்-கிழக்கு வார்டில் அமைந்தது. 2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரிலேயே கடைசி இடம் பெற்றது அந்த வார்டுதான், குறியீடு 0.05. அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்புத் தேவைக்காக 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீத்தா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் தமிழர் ஏராளம். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பின்னர் 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்வோரை ஒரே வகுத்தலில் கூட்டி, மும்பையின் தலா வருமானம் இன்ன நாட்டுக்கு நிகர் என்று வரைபடம் தீட்டுவோர் சீத்தா கேம்புக்கு எந்த நாட்டின் பெயரைச் சூட்டுவார்கள்?

தமிழ்நாடு பின்தங்கியுள்ளது என்பது இங்கு வாதமன்று. நிதி ஆயோக்கின் பன்முக வறுமை மதிப்பீட்டில் 2019-21க்கு நாட்டின் விழுக்காடு 14.96, தமிழ்நாட்டினுடையது 2.20. வீடுகளுக்குள் நுழைந்து, பள்ளியையும் ஊட்டச்சத்தையும் அடுப்பெரிபொருளையும் கேட்டு எடுத்த அளவு அது. இத்தகைய சான்று கைவசம் இருக்கையில், பொருந்தாத இரண்டு எண்களை வகுத்துப் பெருமை தேடுவது சோம்பல்.

அந்தச் சோம்பலுக்கு விலையும் உண்டு. மாநிலங்களுக்கிடையே வரியைப் பங்கிட 15ஆவது நிதிக்குழு வகுத்த சூத்திரத்தில் வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடு எடை. அந்த இடைவெளி அளக்கப்பட்டது தலா மாநில உற்பத்தியைக் கொண்டு. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 விழுக்காடு. காலையில் 1.64 மடங்கைக் கொண்டாடி மாலையில் 4.079ஐக் கண்டிக்கும் அறிஞர்கள், இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே அளவுகோல் என்பதை உணர்வதாகத் தெரியவில்லை. அணுசக்தி நகருக்கும் சியோலுக்கும் போய்ச் சேரும் உபரிகூடத் தமிழ்நாட்டின் ‘செழிப்பு’ எனக் கணக்கிடப்பட்டு அதன் பங்கைக் குறைக்கிறது. மகாராட்டிரம் போன்ற மாநிலங்களுக்கும் இதே திருத்தத்தைச் செய்தால் வரிசை எப்படி மாறும் என்பது ஆய்ந்தால்தான் தெரியும்.

1972இல் அமைக்கப்பட்டு 1976இல் இறுதி அறிக்கை அளித்த வட்டாரக் கணக்குக் குழுவின் காலத்திலேயே இவ்விரு கருத்தாக்கங்களும் பிரித்துணரப்பட்டுவிட்டன. ஆயினும் மாநிலங்கள் இன்றுவரை தோன்றும் வருமானத்தை மட்டுமே வெளியிடுகின்றன. தரவு இல்லை என்பதே சாக்கு. சென்னையிலும் தேவனாரிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் கூடங்குளம், கல்பாக்கம் ஆகிய இரண்டு நிலையங்களிலிருந்தாவது தொடங்கலாம். அணுமின் கழகத்தின் ஆண்டறிக்கைகள் பொதுவெளியில்தான் இருக்கின்றன.