வெளிநாட்டில் டென்னிஸ் கோச் பயிற்சி: போடி மலையடிவார பி.டி. மாஸ்டருக்கு எட்டுமா?

போடி:-

டென்னிஸ் பந்து தெரியாத பையன் போடியில் கிடையாது. தெருவுக்கு தெரு அதை வைத்துத்தான் கிரிக்கெட் ஆடுகிறான். ஒரு பந்து சாக்கடையில் விழுந்தால் கழுவி எடுத்து மறுபடியும் ஆடுவான். ஆனால் அந்த பந்துக்கு சொந்தமான அசல் ஆட்டத்தை, கையில் மட்டை பிடித்து ஆடியவர்கள் எத்தனை பேர்?

ஆட்டமே ஊன்றாத ஊரில் கோச் எப்படி உருவாவார்? அவர் வெளிநாடு போய் பயிற்சி எடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா? "இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்பா" என்று சொல்லி விட்டு போவது சுலபம். ஆனால் விஷயம் அப்படி இல்லை. கோச்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்பி படிக்க வைக்க பணம் இருக்கிறது. பாடத்திட்டம் இருக்கிறது. உதவித்தொகையும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். போடியில் இருந்து அந்த இடத்துக்கு ஏறிப்போக படிக்கட்டு இல்லை. அது பற்றிய அலசல் இது.

மலை மேலே கோர்ட், அடிவாரத்தில் கூடை

டென்னிஸ் நம் பகுதிக்கு புதுசு கிடையாது. வெள்ளைக்கார தேயிலை துரைமார் காலத்திலேயே மூணாறு மலைக்கு வந்துவிட்டது. அவர்களுக்காக ஏற்பட்ட ஹை ரேஞ்ச் கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டும் உண்டு.

அந்த காலத்தில் மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப்வே மூலம் கொட்டக்குடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வரும். பிறகு தூத்துக்குடி துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு கப்பல் ஏறும். சரக்கு நம்ம ஊர் வழியாக சீமைக்கு போனது. சுமந்தவர்களும் நம்ம ஊர்க்காரர்கள்தான். ஆனால் துரைமார் ஆடிய ஆட்டம் மட்டும் மலையை விட்டு கீழே இறங்கவில்லை.

இன்றைக்கும் போடி, தேவாரம், கம்பம் பக்கம் இருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலக்காய் தோட்டத்துக்கு போகிறார்கள் பெண்கள். சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் வீட்டு பிள்ளைக்கு ஒரு ஆட்டம் சொல்லித்தர ஆள் உண்டு என்றால் அது பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் மட்டும்தான். டவுனில் உள்ளதுபோல் மாதச்சம்பளம் வாங்கும் தனி கோச் கிடையாது. ஆகவே அந்த பி.டி. மாஸ்டருக்கு என்ன தெரியுமோ, அதுவரைதான் பிள்ளையும் போக முடியும். கோச் பயிற்சி என்பது நம் ஊருக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டு பயிற்சி என்றால் என்ன?

டென்னிசுக்கு உலகம் முழுக்க பொறுப்பு, லண்டனை தலைமையிடமாக கொண்ட சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு. சுருக்கமாக ஐ.டி.எப். கோச்சுகளுக்கு இவர்கள் படிப்படியாக பாடம் வைத்திருக்கிறார்கள். முதலில் 'பிளே டென்னிஸ்' என்ற ஆரம்ப பாடம். அடுத்து லெவல்-1, இது தொடக்க நிலை, நடுத்தர நிலை ஆட்டக்காரர்களுக்கு கற்றுத்தருபவர்களுக்கு. லெவல்-2 நல்ல நிலையில் ஆடுகிறவர்களை பார்த்துக்கொள்ளும் கோச்சுக்கு. லெவல்-3 உச்ச நிலை ஆட்டக்காரர்களின் கோச்சுக்கு.

இது தவிர பல நாட்டு கோச்சுகள் ஒரே இடத்தில் கூடும் உலக மாநாடும் ஐ.டி.எப். நடத்துகிறது. 2015-ல் துருக்கி நாட்டு அந்தால்யாவிலும், 2019-ல் பாங்காக்கிலும் நடந்தது.

செலவுக்கு என்ன வழி? ஒலிம்பிக் போட்டியை டி.வி.யில் காட்டும் உரிமையை விற்பதில் வரும் பணத்தில் ஒரு பங்கு, 'ஒலிம்பிக் சாலிடாரிட்டி' என்ற அமைப்பு வழியாக நாடுகளுக்கு திரும்ப வருகிறது. கோச்சுகளுக்கான உதவித்தொகையும் இதில் அடக்கம். ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகம் 1964-ம் ஆண்டில் இருந்து வெளிநாட்டு கோச்சுகளுக்கு தனி வகுப்பே நடத்தி வருகிறது. அமெரிக்காவில் டெலவர் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு படிப்பு உண்டு. எல்லா வகுப்பிலும் எல்லா விளையாட்டும் இருக்காது. டென்னிஸ் உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் போகவேண்டும்.

யார் பெயர் போகிறது?

முக்கியமான முடிச்சு இங்கேதான் விழுகிறது. ஒலிம்பிக் சாலிடாரிட்டி உதவித்தொகைக்கு தனி ஆள் நேராக மனு போட முடியாது. இந்திய ஒலிம்பிக் சங்கம்தான் பெயரை அனுப்பவேண்டும். ஒலிம்பிக் சங்கம் அந்தந்த விளையாட்டு சங்கத்தை பார்க்கும். டென்னிஸ் என்றால் அகில இந்திய டென்னிஸ் சங்கம். அவர்களுக்கு தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தில் யார் என்ன செய்கிறார் என்பது தெரியும். தமிழ்நாடு சங்கத்துக்கு சென்னை, கோவை கோச்சுகளை தெரியும். போடியில் ஒரு பி.டி. மாஸ்டர் நாற்பது பிள்ளைகளை வைத்து மண் தரையில் பயிற்சி கொடுத்தால், அவரை யாருக்கு தெரியும்?

ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். செடியில் இருக்கும்வரை அதற்கு விலை இல்லை. பறித்து, காயவைத்து, மி.மீ. கணக்கில் ரகம் பிரித்து, போடி ஏல மையத்துக்கு வந்து ஸ்கிரீனில் பெயர் ஏறினால்தான் விலை. கோச்சுக்கும் அதே கதைதான். திறமை இருந்தால் போதாது. லெவல்-1 சான்றிதழ், போட்டிக்கு அனுப்பிய பிள்ளைகளின் பட்டியல், சங்கத்தில் பதிவு, இத்தனையும் இருந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும்.

அடுத்த தடை இங்கிலீஷ். லைப்சிக் வகுப்பு இங்கிலீஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி மொழிகளில் மாறி மாறி நடக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்து வந்த மாஸ்டருக்கு பாடம் புரியாமல் போவது அறிவு குறைச்சல் அல்ல, மொழி குறைச்சல். மூன்று மாதம் பேச்சு இங்கிலீஷ் பழக்கினால் சரியாகிற விஷயம். ஆனால் அதை யாராவது செய்து கொடுக்க வேண்டுமே!

அங்கே சொல்லித்தருவது இங்கே நடக்குமா?

'அவங்க கோர்ட் வேற, நம்ம மண்ணு வேற' என்று நினைப்பவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

முழு டென்னிஸ் கோர்ட்டுக்கு சுற்று இடமும் சேர்த்து சுமார் 120 அடிக்கு 60 அடி இடம் வேண்டும். நம்ம கணக்கில் பதினாறரை சென்ட். இதற்கு இடமும் பணமும் எங்கே போவது என்று பள்ளிக்கூடங்கள் கைவிட்டுவிடும்.

ஆனால் 2007-ல் ஐ.டி.எப். ஒரு புது முறையை கொண்டுவந்தது. சின்ன பிள்ளைக்கு சின்ன கோர்ட், மெதுவான பந்து. சிவப்பு பந்து வழக்கமான பந்தை விட 75 சதவீதம் மெதுவாக வரும். ஆரஞ்சு பந்து 50 சதவீதம், பச்சை புள்ளி பந்து 25 சதவீதம் மெது. சிவப்பு பந்து கோர்ட்டுக்கு 36 அடி நீளம், 18 அடி அகலம் போதும். ஒரு முழு கோர்ட்டில் இப்படி 4 கோர்ட் போடலாம். 2012-ல் இருந்து 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான போட்டிகளில் மெதுவான பந்துதான் என்று விதியையே மாற்றிவிட்டார்கள்.

இப்போது யோசித்து பாருங்கள். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பு கோடு போட்டு, இரண்டு கம்புக்கு நடுவே கயிறு கட்டினால் பாடம் ஆரம்பித்துவிடலாம். பந்து அடிக்க தெரியும் முன்பே வரிசையில் நிற்கவைத்து கால் வலிக்க வைப்பது பழைய முறை. முதல் நாளே இரண்டு பேர் எதிரெதிரே நின்று பந்தை தட்டி ஆடவேண்டும் என்பது புது முறை. வெளிநாட்டில் கோச்சுக்கு சொல்லித்தரும் பெரிய பாடங்களில் இதுவும் ஒன்று. இதற்கு பணக்கார கிளப் தேவையே இல்லை. தெரிந்த ஒரு ஆள் தேவை.

அதோடு பூப்பந்து ஆடிய கைகள் நம் கிராமங்களில் நிறைய உண்டு. மட்டை பிடித்த கைக்கு இன்னொரு மட்டை பழகுவது கஷ்டமில்லை.

சின்ன ஊரில் பெரிய ஆட்டம் நிற்காது என்பதும் பொய். பக்கத்தில் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் அகில இந்திய கூடைப்பந்து போட்டியை 60 ஆண்டுக்கு மேலாக நடத்தி வருகிறது. நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் பெரியகுளத்துக்கு வந்து ஆடுகின்றன. ஊர் நினைத்தது, நடந்தது.

அப்பாவே கோச்... அது அந்த காலம்

நாகர்கோவிலில் 1937-ல் பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அப்பா டி.கே.ராமநாதன். எந்த வெளிநாட்டு சான்றிதழும் இல்லாமல் மகன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 என அடுத்தடுத்து 2 வருடம் விம்பிள்டன் அரை இறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் 1979-ல் ஜூனியர் விம்பிள்டன் சாம்பியன் ஆனார்.

ஆனால் 1985-ல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமி வெளிநாட்டு கோச்சை இங்கேயே வரவழைத்தது. அதில் பயிற்சி பெற்ற லியாண்டர் பயஸ் 1990-ல் ஜூனியர் விம்பிள்டன் வென்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அதாவது அறிவு இரண்டு வழியில் வரலாம். ஒன்று கோச்சை இங்கே கூட்டி வரவேண்டும். இல்லை என்றால் நம்ம ஆளை அங்கே அனுப்பவேண்டும். இரண்டுமே சென்னையோடு நின்றுவிட்டால் மலையடிவாரத்துக்கு லாபம் இல்லை.

ஏஜெண்டுகளிடம் உஷார்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'வெளிநாட்டில் கோச் டிரெயினிங், அப்படியே வேலை, விசா உறுதி' என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட கொடுக்கக்கூடாது. முறையான பயிற்சி என்றால் சங்கத்தின் கடிதம் இருக்கும். அழைப்பு அனுப்பிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். உதவித்தொகை என்றால் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று எழுத்தில் இருக்கும். சந்தேகம் இருந்தால் டென்னிஸ் சங்கத்திடமே கேட்டுவிடலாம். வீட்டு நகையை அடகு வைத்து வாங்குவதல்ல இந்த சான்றிதழ்.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டு பயிற்சி என்பது கடைசி படி. முதல் படி பக்கத்திலேயே போடப்பட வேண்டும்.

முதலாவது, தேனி மாவட்டத்தில் டென்னிஸ் சொல்லித்தர விருப்பம் உள்ள பி.டி. ஆசிரியர்கள், முன்னாள் வீரர்கள் யார் யார் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஒரு பட்டியல் எடுக்கவேண்டும். பெண் ஆசிரியைகள் பெயர் அதில் கண்டிப்பாக இருக்கவேண்டும். தோட்டத்தொழிலாளி மகளை தைரியமாக மைதானத்துக்கு அனுப்ப வீட்டில் அப்போதுதான் சம்மதிப்பார்கள்.

இரண்டாவது, ஆரம்ப பாடத்தையும் லெவல்-1 வகுப்பையும் மதுரை, தேனி பக்கம் தமிழ் விளக்கத்தோடு நடத்த தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் முன்வர வேண்டும். 2023 ஜூன் மாதம் போடியில் இருந்து சென்னைக்கு ரெயில் விட்டாயிற்று என்பதற்காக எல்லாவற்றுக்கும் சென்னைக்குத்தான் வரவேண்டும் என்றால் எப்படி?

மூன்றாவது, 234 தொகுதியிலும் சிறு விளையாட்டரங்கம் என்று தமிழக அரசு அறிவித்த திட்டத்தில், கட்டுகிற இடத்தில் எல்லாம் ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கும் கோடு போட இடம் ஒதுக்கலாம்.

நான்காவது, அரசு செலவிலோ சங்கம் செலவிலோ வெளிநாடு போய் வருபவர், திரும்பி வந்து குறைந்தது 2 வருடம் சொந்த மாவட்டத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு சொல்லித்தர வேண்டும் என்று எழுதி வாங்கவேண்டும். படித்து வந்ததும் பெரிய நகரத்து கிளப்பில் வேலைக்கு போய்விட்டால், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததுதான் மிச்சம்.

ஜீப்பில் மலை ஏறும் தாய் ராத்திரி வீடு திரும்பும்போது, மகள் மைதானத்தில் என்ன கற்றுக்கொண்டாள் என்று கேட்க ஒரு விஷயம் இருக்கவேண்டும். அதற்கு லண்டனும் லைப்சிக்கும் தேவைதான். ஆனால் போடி பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சுண்ணாம்பு கோடு அதைவிட முன்னாடி தேவை. அதிகாரிகள் கவனிப்பார்களா?