பாகல் இலை கீரையாகட்டும், மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம்

பாகற்கொடியில் காயைப் பறித்துக்கொண்டு இலையை விட்டுவிடுகிறோம். ஒரு தொட்டி மண், நல்ல வெயில், படர்வதற்கு நாலு கயிறு இருந்தால் மொட்டை மாடியிலேயே வளரும் கொடி இது. விதையின் ஓடு தடித்தது என்பதால், ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும். பிலிப்பைன்ஸ் மக்கள் இதன் இளம் இலைகளைப் பச்சைப்பயறுக் குழம்பில் கீரையாகவே போடுகிறார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் பாகலும் ஒன்று. நம் அடுப்படிக்கும் இந்த இலை வர வேண்டும். ஆனால் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையின் இடத்துக்கு வரக் கூடாது.

"அந்தக் காலத்தில் இலைச்சாற்றிலேயே சர்க்கரையை அடக்கவில்லையா?" என்று கேட்பார்கள். அன்று ரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்தவர் யார்? பாகல் குறித்த 4 மருத்துவப் பரிசோதனைகளை, 479 பேரின் தரவுகளோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் ஆராய்ந்தது. நீரிழிவுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு. மாத்திரையோடு சாற்றையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். கர்ப்பிணிகள் சாற்றைத் தொடவே வேண்டாம்.

"அப்படியானால் எதற்கு வளர்ப்பது?" என்றால், முருங்கைக்கீரையை எதற்காகச் சாப்பிடுகிறோமோ அதற்காகத்தான். பூச்சிமருந்து படாத ஒரு பிடி இலை பருப்போடு வெந்து தட்டுக்கு வருவதே பெரிய நன்மை. அதற்கு மேல் அதன் தலையில் அற்புதங்களை ஏற்ற வேண்டியதில்லை.