நண்டு தின்னாத நண்டுதின்னி

அண்டார்டிகாவில் ஒரு வகை சீல் (கடல்நாய்) இருக்கிறது. அறிவியல் பெயரையும் சேர்த்து, அதன் பெயருக்கு அர்த்தம் "நண்டுதின்னி". ஆனால் பாருங்கள், அது நண்டு தின்பதே இல்லை! அதன் சாப்பாடு பெரும்பாலும் கிரில். நம்மூர் சென்னாக்கூனிக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அதிகபட்சம் 6 செ.மீ. வரை வளரும்.

பி.காம். படிக்கிற எனக்கும் சீலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கு இது முதலீட்டுப் பாடமாகத்தான் தெரிகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

கடலில் வாழும் பாலூட்டிகள் எல்லாமே தரையிலிருந்து இறங்கிப் போனவைதான். திமிங்கிலத்தின் மூதாதை வகையான பாகிசெட்டஸ், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் நாலு காலோடு திரிந்தது. சீல்களின் உறவினரான புயீலாவின் எலும்புகள் 2007-ல் கனடாவின் வட துருவப் பகுதியில் கிடைத்தன. 2 கோடி ஆண்டுக்கும் பழசு. அதற்குத் துடுப்பு கிடையாது, கால்கள்தான்.

இவை கடலுக்குக் கொண்டு போனது தரைக்காகச் செய்த வாயை. அங்கேதான் சிக்கலே. தரையில் இரையைக் காலால் அமுக்கி, கிழித்து, மென்று தின்னலாம். தண்ணீரில் அமுக்க எதுவும் கிடையாது. கிழித்தால் துண்டு மிதந்து போய்விடும். ஒவ்வொரு வாய்க்கும் உப்புத் தண்ணீர் வேறு கூடவே வரும். அதைத் துப்பியாக வேண்டும்.

ஒவ்வொரு விலங்கும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. கடல் நீர்நாய் சாப்பாட்டை மேலே எடுத்து வந்து, மல்லாந்து படுத்து, நெஞ்சையே மேசையாக்கிக்கொண்டு சாப்பிடுகிறது. டால்பின் மெல்லுவதையே விட்டுவிட்டது, பிடித்து அப்படியே விழுங்குகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: இனிப்பு, கசப்பு போன்ற சுவைகளை உணரும் மரபணுக்களே டால்பினிடம் செயலிழந்து கிடக்கின்றன. மெல்லாத வாய்க்கு ருசி எதற்கு! வால்ரஸ் சிப்பியை உதட்டால் கவ்வி, நாக்கைப் பிஸ்டன் மாதிரி பின்னுக்கு இழுத்து, சதையை மட்டும் உறிஞ்சிவிடுகிறது. நீலத் திமிங்கிலம் பல்லையே தொலைத்துவிட்டு, அந்த இடத்தில் சல்லடை வைத்துக்கொண்டது. கருவில் இருக்கும்போது மட்டும் பல் முளைகள் தோன்றி மறைகின்றன.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹாக்கிங்கும் அவரது சகாக்களும் 2017-ல் இதையெல்லாம் ஒரே வரிசையில் வைத்துக் காட்டினார்கள். கடிப்பது, உறிஞ்சுவது, வடிகட்டுவது என்று ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் கட்டப்பட்டது என்பது அவர்கள் வாதம். பரிணாமம் புதுக் கடை திறப்பதில்லை. கையில் இருக்கும் பழைய சரக்கை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறது.

இப்போது நண்டுதின்னிக்கு வருவோம். அதன் கடைவாய்ப் பல் ஒவ்வொன்றிலும் பல மொட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வாயை மூடினால் மேலும் கீழும் கோத்துக்கொண்டு அசல் சல்லடை ஆகிவிடும். இதன் நெருங்கிய சொந்தம் சிறுத்தை சீல். அதற்கும் சல்லடைப் பல் உண்டு. ஆனால் முன்னால் பெரிய கோரைப் பல்லையும் விடாமல் வைத்திருக்கிறது. பெங்குவின் கிடைத்தால் பெங்குவின், கிரில் கிடைத்தால் கிரில். சிட்னி டரோங்கா விலங்குக் காட்சி சாலையில் சிறு மீன்களை வைத்துச் செய்த சோதனையில், அது உறிஞ்சி வடிகட்டிச் சாப்பிடுவதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள் (2013-ல் வெளியான ஆய்வு).

இரண்டில் யார் கெட்டிக்காரர்? இன்றைய கணக்குப்படி நண்டுதின்னிதான். உலகத்தில் எண்ணிக்கையில் அதிகமான சீல் அதுதான். ஆனால் அது ஒரே ஒரு மூலப்பொருளை நம்பி இயந்திரம் வாங்கிப் போட்ட ஆலை மாதிரி. சரக்கு வரும்வரை அடிக்க ஆளில்லை. வரத்து நின்றால் அந்த இயந்திரத்தை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

வரத்து நிற்குமா? குளிர்காலத்தில் கிரில் குஞ்சுகள் கடல் பனிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாசியை நம்பி வாழ்கின்றன. 2023-ல் அண்டார்டிகாவின் குளிர்காலக் கடல் பனி, செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கிய பிறகு இல்லாத அளவுக்குச் சுருங்கியது. இன்னொரு பக்கம் நாம். மீன் பண்ணைத் தீவனத்துக்கும் ஒமேகா-3 மாத்திரைக்கும் கிரிலை அள்ளுகிறோம். அட்லாண்டிக் பக்கத்து அண்டார்டிக் கடலில் ஆண்டுக்கு 6.2 லட்சம் டன் என்று ஒரு வரம்பு உண்டு. 2025-ல் முதல் முறையாக அந்த வரம்பைத் தொட்டு, சீசன் முடிவதற்கு முன்பே மீன்பிடிப்பை மூடினார்கள்.

"மொத்தக் கிரிலில் இது சுமார் 1 சதவீதம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சராசரி என்பது நல்லதையும் கெட்டதையும் சேர்த்து மூடிவிடும் என்பது கணக்கு படிக்கிற எல்லோருக்கும் தெரியும். கப்பல் கடல் முழுக்கச் சமமாக அள்ளுவதில்லை. கிரில் அடர்ந்திருக்கும் இடத்துக்குத்தான் போகிறது. திமிங்கிலமும் சீலும் பெங்குவினும் போகிற இடமும் அதுவேதான். வரம்பை நாலு பகுதிகளுக்குப் பிரித்து வைத்திருந்த விதி 2024-ல் காலாவதியானது. உறுப்பு நாடுகள் ஒத்துப்போகாததால் அதைப் புதுப்பிக்கவில்லை.

அந்த ஆணையத்தில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. ஒரு முடிவுக்கு எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும் என்பதால், நம் குரலுக்கும் எடை உண்டு. பகுதிவாரி வரம்பைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி நாம் அழுத்த வேண்டும் என்பது என் கருத்து. மீன் எண்ணெய் வேண்டாம் என்றால் பாசியிலிருந்து எடுத்த ஒமேகா-3 கிடைக்கிறது. நமக்கு மாற்று இருக்கிறது.

நண்டுதின்னிக்கு அந்தப் பல் வாய்க்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. நாம் ஒரு சீசனில் கடலைக் காலி செய்துவிட்டு, "வேறு எதையாவது தின்னு" என்று அதனிடம் சொல்ல முடியாது.